ஏழாம் அறைக் கதவில் எழுதியிருந்தது

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஏழாம் அறையில் பஞ்சுக்கை சிஸ்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஓர் ஈ இருந்தது. தடுப்பூசி அட்டைகளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் அது பெரிய அதிகாரி மாதிரி மேற்பார்வை பார்த்துக்கொண்டு நடந்தது. மற்றத் திங்கட்கிழமைகளில் அந்த மேஜையில் ஈக்கு உட்கார இடம் கிடைக்காது. நாற்பது பிள்ளைகள், நாற்பது அம்மாக்கள், பிள்ளையைவிடச் சத்தமாக அழுகிற அப்பாக்கள் நாலைந்து பேர் என்று பத்து மணிக்குள் அறை பிதுங்கிவிடும்.

பஞ்சுக்கை என்ற பட்டம் அந்த அம்மாக்கள் கொடுத்தது. பத்தொன்பது வருஷமாக ஊசி போடுகிறாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்து, இவள் நல்லவளா கெட்டவளா என்று யோசித்து முடிப்பதற்குள் வேலை முடிந்து பஞ்சு ஒட்டியிருக்கும். பக்கத்து எட்டாம் அறையில் ஊசி போடுகிறவளுக்கும் ஒரு பட்டம் உண்டு. சுத்தியல். தங்கமான மனுஷி, சுத்தமான வேலைக்காரி, கைதான் ஆணி அடிக்கிற கை. ஏழாம் அறையில் வரிசை தாங்க முடியாமல் போனால்தான் எட்டாம் அறைக்கு ஆள் போகும்.

அன்றைக்குச் சுத்தியலின் வாசலில் நின்ற வரிசை மாடிப்படிவரை நீண்டிருந்தது. உள்ளே பிள்ளைகள் ஆஸ்பத்திரிக் கூரை பறக்கிற மாதிரி வீறிட்டன. சுத்தியல் நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "பத்தொன்பது வருஷத்துல முதல் தடவையா என்னைத் தேடி வர்றாங்கடி. சந்தோஷப்படக்கூட முடியல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

விஷயம் இதுதான். பஞ்சுக்கைக்கு எச்.ஐ.வி. இருந்தது. நேற்று முளைத்ததல்ல, பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது. தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பதினோரு வருஷமாக அவள் ரத்தத்தில் வைரஸைத் தேடிய மெஷின் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றே கைவிரித்தது. அவளுக்கு அது எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? நான் சொல்லப் போவதில்லை. சர்க்கரை வியாதிக்காரரிடம் எங்கே போய் வாங்கிக்கொண்டு வந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. இவளிடம் மட்டும் எல்லோருக்கும் அதுதான் முதல் கேள்வி. கேட்கிறவர்களுக்கு அவள் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று: "ரத்தத்துல வந்தது. மீதி என் சொந்த விஷயம்."

ஆனால் கேட்கிற அளவுக்கு யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. சிகிச்சை கொடுக்கிற டாக்டர், ரத்தம் எடுக்கிற லேப் தம்பி, சுத்தியல், இந்த மூன்று பேர்தான். இரண்டாம் மாடியில் இருக்கும் எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவுக்கு அவள் மதிய இடைவேளையில், பின்பக்கப் படி வழியாக, காதும் காதும் வைத்தாற்போல் போய்விட்டு வருவாள். போன வியாழக்கிழமை லேப் மெஷின் பழுதாகி, காலையில் வந்தவர்கள் எல்லாம் மதியம் வரை காத்துக் கிடந்தார்கள். பஞ்சுக்கை போன நேரத்தில் வராந்தாவில் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். அவள் யாரோ மாதிரி கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

லேப் தம்பிக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள். இரண்டுக்கும் அத்தனை ஊசியும் அழாமல் போட்டுவிட்டவள் பஞ்சுக்கை. அவள்மேல் அவனுக்குச் சாமி கும்பிடாத குறை. அப்படிப்பட்டவள் கால்கடுக்க நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. கதவிலிருந்து எட்டி, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, "அய்யோ சிஸ்டர், நீங்க எதுக்கு லைன்ல நிக்குறீங்க? உங்க ரத்தத்தை முதல்ல எடுத்துடறேன், வாங்க வாங்க!" என்று கூப்பிட்டான். பன்னிரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு மரியாதை வந்து போட்டு உடைத்தது. பாவம், அன்று சாயங்காலம் அவன் அவள் முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனைத் தேற்றி அனுப்புவதே அவளுக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

வரிசையில் நின்ற முப்பது பேரும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு ரகசியத்தின் கனம் தெரியும், தினமும் சுமக்கிறவர்கள். வாயைத் திறந்தது, அங்கே தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினைப் பழுதுபார்க்க வந்த ஓர் ஆள். அவர் டீக்கடையில் சொன்னார். டீக்கடை மளிகைக் கடைக்குச் சொன்னது. சனிக்கிழமைக்குள் ஊர் வாயில் அது முழு நீளப் படமாக ஓடியது. நர்ஸுக்கு எய்ட்ஸாம், அதே கையால் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறாளாம்.

மதியம் ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது கேள்வித்தாள் மேடம் வந்தாள். பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து, மக்கள் தடுப்பூசியை ஏன் மறுக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய நாலு மாதமாக அந்த ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவள். நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட தாளும் கையுமாக வராந்தாவில் திரிவதால் அந்தப் பேர். இத்தனை நாளும் பஞ்சுக்கையோடு சேர்ந்து டீ குடித்தவள், அன்றைக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு."

"அப்படி ஆரம்பிச்சா அடுத்தது அடிதான். அடிங்க மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினாள். "போன மாசம் நூறு பேர்ல ஆறு பேர்தான் ஊசி வேணாம்னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமையிலேர்ந்து முப்பத்தோரு குழந்தைங்க வரவே இல்ல. உங்க ரூமுக்கு மட்டும் இல்ல சிஸ்டர், எட்டாம் ரூமுக்கும் வரல. ஆஸ்பத்திரிப் பக்கமே வரல. பக்கத்து ஊர்ல தட்டம்மை பரவிக்கிட்டு இருக்கு. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. நாற்காலி காலியாகக் கிடப்பதுகூடப் பெரிதில்லை. அந்த முப்பத்தோரு பிள்ளைகளில் பாதிப் பேரின் முகம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. எந்தப் பிள்ளை ஊசியைக் கண்டால் அம்மாவின் காதைக் கடிக்கும் என்பதுகூட ஞாபகம் இருந்தது.

"ஊசியை நம்புறது வேற, ஊசி போடுறவங்களை நம்புறது வேற" என்றாள் மேடம். "ரெண்டாவது உடைஞ்சா முதலாவதும் சேர்ந்து உடையுது. அதனால பெரிய டாக்டர்கிட்ட ஒரு யோசனை எழுதிக் குடுத்திருக்கேன். கொஞ்ச நாளைக்கு நீங்க ஒதுங்கிக்கிட்டா..."

"நான் ஒதுங்கினா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"நிம்மதியா இருப்பாங்க."

"இல்ல. நாம பயந்தது சரிதான்னு நினைப்பாங்க. நாளைக்கு மருந்துலயே என்னமோ கலந்திருக்காம்னு ஒருத்தன் கிளப்பி விடுவான். அப்ப எதை ஒதுக்குவீங்க மேடம், இந்த ஐஸ் பெட்டியையா?"

மேடத்தின் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. அவள் எழுந்து போய்விட்டாள்.

மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குத் தலைவர் அவர்தான், வந்து ஒரு வருஷம் ஆகிறது. கெட்ட மனிதர் இல்லை. புகார் வராத நாள் நல்ல நாள் என்று நினைக்கிற வகை. மேஜைமேல் ஓர் உத்தரவு தயாராக இருந்தது. நாளை முதல் பஞ்சுக்கை மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குப் பொறுப்பு. காரணம் என்ற கட்டத்தில் நிர்வாக வசதி என்று அடித்திருந்தது.

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோங்க சிஸ்டர். தற்காலிகம்தான்."

அவள் உட்காராமல் நின்றபடியே படித்தாள். "சார், எனக்கு வைரஸ் இருக்கிறதால என் கையால ஊசி போட்டா குழந்தைக்கு ஒட்டுமா? டாக்டரா சொல்லுங்க."

"ஒட்டாது. அது எனக்குத் தெரியாதா? விஷயம் அது இல்ல..."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணு, தாள்ல இருக்கிறது ஒண்ணு. ஒட்டாதுன்னு தெரிஞ்சும் ஜனங்க பேச்சுக்குப் பயந்து இவங்களை மாத்துறேன்னு எழுதுங்க சார். அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடறேன்."

"அப்படி எப்படிம்மா எழுத முடியும்?"

"எழுத முடியாததைச் செய்யவும் கூடாது இல்ல சார்?"

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவளும் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கையெழுத்துப் போடாத உத்தரவு மேஜைமேலேயே கிடந்தது. வராந்தாவில் நடக்கும்போது அவளுக்குள் பயம் கொஞ்சம், கோபம் நிறைய. பன்னிரண்டு வருஷமாக மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்கியவளுக்கு இந்த நிர்வாக வசதியை மட்டும் விழுங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் தங்கைக்கு நாலு தடவை போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கூடப் பிறந்தவள் அந்த ஒருத்திதான். அதே ஊரில் நாலு தெரு தள்ளி இருக்கிறாள். தங்கையின் மூத்த பையனுக்கு எல்லா ஊசியும் பஞ்சுக்கைதான் போட்டாள். சின்னவளுக்கு ஒன்பது மாதம் முடிந்து புதன்கிழமை தட்டம்மை ஊசி. தங்கைக்கு அவள் எதையும் சொன்னதில்லை. இப்போது சொல்ல வேண்டிய வேலையை ஊர் எடுத்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே வந்து, பழைய சுவரொட்டி ஒன்றின் பின்பக்கத்தில் தடித்த பேனாவால் எழுதி, ஏழாம் அறைக் கதவில் நாலு மூலையிலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள்.

"இந்த அறையில் ஊசி போடும் எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக மருந்து சாப்பிடுகிறேன். என் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிக் கிடக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி, உங்கள் கண்ணெதிரே பிரிப்பேன். அது பிள்ளையைக் குத்தும், என்னைக் குத்தாது. சந்தேகம் இருந்தால் உள்ளே வந்து கேளுங்கள். பயமாக இருந்தால் எட்டாம் அறைக்குப் போங்கள். ஊசி போடாமல் மட்டும் வீட்டுக்குப் போகாதீர்கள்."

சுத்தியல் வந்து இடுப்பில் கைவைத்து இரண்டு தடவை படித்தாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "எட்டாம் ரூமுக்குப் போங்கன்ற வரியை மட்டும் அடிச்சுடுடி. என் தோள்பட்டை என்னத்துக்கு ஆகுறது?" என்றாள்.

அன்று முழுக்க நாற்காலி காலி. ஆனால் கதவின் முன் ஆள் நின்றுகொண்டே இருந்தது. படிப்பார்கள், உள்ளே ஒரு பார்வை பார்ப்பார்கள், அவள் நிமிர்ந்தால் நகர்வார்கள். மிருகக்காட்சிச் சாலையில் கூண்டுக்குள் இருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. இரண்டு தடவை எழுந்து போய்க் கிழித்துப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. தோன்றியபோதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் ஒரு பஸ் கண்டக்டர், காக்கிச் சட்டையோடு, மகனைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"உள்ளே வந்து கேக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. கேக்கலாமா?"

"கேளுங்கண்ணா."

"போன மாசம் இவனுக்கு நீங்கதான் போட்டீங்க. அப்பவும் இருந்துச்சா இது?"

"இருந்துச்சு. அதுக்கு முந்தின மாசமும் இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"உங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு டிக்கெட் கிழிக்கிறப்ப நீங்க எனக்குச் சொன்னீங்களா?"

கண்டக்டருக்குச் சட்டென்று கோபம் வந்தது, பிறகு வந்த வழியே போனது. மீசையைத் தடவிக்கொண்டார். "நியாயம்தான். ஆனாலும் மனசு ஒப்பல சிஸ்டர். பொய் சொல்ல விரும்பல."

"எட்டாம் ரூமுக்குப் போங்க. வலிக்கும், அவ்வளவுதான். போடாம மட்டும் போயிடாதீங்க."

அவர் எட்டாம் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பையனின் அலறல் கேட்டது. பஞ்சுக்கைக்கு நெஞ்சு எரிந்தது, கூடவே ஓர் ஆறுதலும் இருந்தது. ஒரு பிள்ளை தப்பித்தது. அன்று சாயங்காலம் சுத்தியல் கணக்குச் சொன்னாள்: வராமல் நின்றுபோன முப்பத்தொன்றில் ஒன்பது பிள்ளைகள் அன்றைக்கு வந்திருந்தன. கதவைப் படித்துவிட்டு, எந்த அறையில் யார் என்று தெரிந்துகொண்டு, எட்டுக்குப் போயிருக்கிறார்கள். "உன் பேரைச் சொல்லி என்னைக் கொல்றாங்க" என்று தோளை அமுக்கிவிட்டுக்கொண்டாள் சுத்தியல்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு எட்டாம் அறை வரிசையின் நடுவில் தங்கை நின்றாள். இடுப்பில் பிள்ளை. பஞ்சுக்கை உள்ளேயிருந்தே பார்த்துவிட்டாள். ஊர் முழுக்க எட்டாம் அறையில் நின்றபோது தாங்கிக்கொண்டவளுக்கு, இந்த ஒருத்தி அங்கே நிற்பதைத் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ப் பேசுவதா, பார்க்காத மாதிரி இருப்பதா என்று தெரியவில்லை. மேஜையில் அடுக்கியிருந்த அட்டைகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

தங்கை கதவில் இருந்ததைப் படித்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, உதடு அசைய அசைய. பிறகு வரிசையை விட்டு விறுவிறுவென்று உள்ளே வந்து கதவை இழுத்தாள்.

"சாத்தாத" என்றாள் பஞ்சுக்கை.

"ஏன், ஊரே கேக்கணுமா?"

"ஊர் சொல்லித்தானே உனக்குத் தெரிஞ்சது."

"ஆமா! தண்ணி மெஷின்காரன் சொல்லி, மளிகைக் கடைக்காரர் சொல்லி, எங்க மாமியார் சொல்லி நான் தெரிஞ்சுக்கறேன். உன் கூடப் பிறந்தவ நான். தெரிஞ்சுக்கிற வரிசையில நாலாவதா நிக்குறேன்க்கா!" பிள்ளை அம்மாவின் முகத்தையே பார்த்தது. "பன்னிரண்டு வருஷம். என் பிரசவம் ரெண்டுக்கும் நீதான் பக்கத்துல இருந்த. என் தலைவலிக்கெல்லாம் நீ மாத்திரை குடுத்த. உன் மாத்திரையை மட்டும் எனக்குக் காட்டல."

"பயந்துட்டேன்டி."

"என்னைப் பார்த்தா?"

"பிள்ளையைத் தூக்க விடமாட்டியோன்னு."

தங்கை பொய் சொல்லத் தெரியாதவள். "விட்டிருப்பேனோ மாட்டேனோ, தெரியல. அப்ப எனக்கு என்ன தெரியும்? ஆனா உன்னையே கேட்டிருப்பேன். கேட்டுத் தெரிஞ்சிருப்பேன். அதுக்குக்கூட நீ விடல."

பஞ்சுக்கை தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் தன்னை நம்பவில்லை என்று மூன்று நாளாகக் கொதித்துக்கொண்டிருந்தாள். இவளைத் தான் பன்னிரண்டு வருஷமாக நம்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அது வலித்தது.

"அதான் எட்டாம் ரூம்ல போய் நின்னியா?"

"கோவத்துல நின்னேன்." தங்கை மூக்கை உறிஞ்சினாள். "பயமும் இருந்துச்சு. இல்லன்னு சொல்லமாட்டேன். இப்ப கேக்கறேன், பதில் சொல்லு." பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தாள். கதவு திறந்தே இருந்தது. எட்டாம் அறை வரிசை, நகராமல், காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. "ஊசி தெரியாம உன் விரல்ல குத்திட்டா என்ன பண்ணுவ?"

"அதைத் தூக்கிப் போட்டுட்டு, கையைக் கழுவிட்டு, வேற பிரிப்பேன். எந்த நர்ஸா இருந்தாலும் அதான் பண்ணணும்."

"பிள்ளைக்கு நீ முத்தம் குடுத்தா?"

"எச்சில் ஒட்டும். வைரஸ் ஒட்டாது."

"மாத்திரையை நிறுத்திட்டா?"

"திரும்பத் தலை தூக்கும். அதனாலதான் நிறுத்தல."

"செத்துப் போயிடுவியா?"

அந்தக் கேள்வி மட்டும் மெதுவாக வந்தது. "எல்லாரும் ஒரு நாள் சாகத்தான் போறோம். இதால சாகமாட்டேன்டி" என்றாள் அக்கா.

தங்கை பிள்ளையின் சட்டைக் கையைச் சுருட்டினாள். "போடு."

தட்டம்மை மருந்து பொடியாக வரும். குப்பியில் நீரை ஏற்றிக் கலக்க வேண்டும். ஒரு குப்பியில் ஐந்து பிள்ளைகளுக்கு இருக்கும், கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். அதனால் எல்லா நர்ஸும் மூன்று நாலு பிள்ளைகள் சேரும்வரை இழுத்தடிப்பார்கள். பஞ்சுக்கை ஒரே ஒரு பிள்ளைக்காகக் குப்பியைத் திறந்தாள். புது ஊசியை உயர்த்திப் பிடித்து, வராந்தா பார்க்கும்படி உறையைக் கிழித்தாள். பிள்ளை பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து, இவள் நல்லவளா கெட்டவளா என்று யோசித்து முடிப்பதற்குள் பஞ்சு ஒட்டியாயிற்று. அழவில்லை. எட்டாம் அறையிலிருந்து வந்த வீறிடலைக் கேட்டுத்தான் உதட்டைப் பிதுக்கியது.

பஞ்சுக்கை வாசலுக்கு வந்து நின்றாள். "தட்டம்மைக் குப்பியைத் திறந்துட்டேன். இன்னும் நாலு பேருக்கு இருக்கு. ரெண்டு மணி வரைக்கும் வெச்சிருப்பேன். அப்புறம் கொட்டிடுவேன்."

யாரும் அசையவில்லை. எட்டாம் அறைக்குள் இன்னொரு பிள்ளை அலறியது. வரிசையில் மூன்றாவதாக நின்ற ஒருத்தி, கையில் ஒரு வயதுக் குழந்தை, அந்தச் சத்தத்துக்குக் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். "அங்க நடக்கிறதைப் பார்த்தா எனக்கே அழுகை வருது" என்று யாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு ஏழாம் அறைக்குள் நுழைந்தாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி வந்தாள். அவள் கேட்டதெல்லாம், "அவங்க உங்க சொந்தத் தங்கச்சியா?" என்பதுதான். ஆமாம் என்றதும் பிள்ளையை நீட்டினாள்.

வேறு யாரும் வரவில்லை. இரண்டு மணிக்கு, மிஞ்சிய இரண்டு பேர் மருந்தைப் பஞ்சுக்கை கொட்டினாள். வராந்தாத் தூணில் சாய்ந்து கேள்வித்தாள் மேடம் எழுதிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது.

"என்ன மேடம், நாற்பத்து மூணாவது கேள்வியா?"

"எல்லாரும் ரெண்டாவது ஆளா வரத் தயாரா இருக்காங்க சிஸ்டர். முதல் ஆளுக்குத்தான் பஞ்சம். இது என் தாள்லயே இல்ல." பேனாவை மூடினாள். "உங்களை ஒதுங்கச் சொல்லி எழுதினது தப்பு. மாத்தி எழுதிக் குடுத்துடறேன்."

"குடுங்க. சீக்கிரம் குடுங்க."

அடுத்த திங்கட்கிழமை ஏழாம் அறையில் பதினொரு மணிக்குள் இருபத்திரண்டு பிள்ளைகள். பழைய கூட்டத்தில் பாதிதான். கண்டக்டர் அன்றும் எட்டாம் அறைக்கே போனார், போகிற போக்கில் ஒரு வணக்கம் வைத்தார். பெரிய டாக்டர் தாமே மாடியிறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பு.

"உத்தரவை ரத்து பண்ணிட்டேன் சிஸ்டர். உங்க இடம் உங்களுக்குத்தான்."

"நன்றி சார்." அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரே ஒரு சின்ன விஷயம். கதவுல இருக்கிற அந்தப் பேப்பர். பிரச்சினைதான் முடிஞ்சு போச்சே, எடுத்துடலாமே? வியாழக்கிழமை மேலிடத்துலேர்ந்து பார்வையிட வர்றாங்க."

"வரட்டும். படிக்கத் தெரிஞ்சவங்கதானே."

"அதுக்கில்லம்மா. அது இருக்கிறதாலதான் பாதிப் பேர் தயங்குறாங்க. எடுத்துட்டா ஜனங்க மறந்துடுவாங்க. பழையபடி நாற்பது பேரும் உங்ககிட்டயே வருவாங்க."

பஞ்சுக்கை ஊசி முனையை வெட்டிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பழைய நாற்பது பேர். அந்தக் கூட்டத்தை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒரு காகிதத்தைக் கிழித்தால் திரும்பக் கிடைக்கும்.

"அந்த நாற்பது பேரும் தெரியாம வந்தவங்க சார். இந்த இருபத்திரண்டும் தெரிஞ்சு வந்தது. எனக்கு இது போதும்."

"பிடிவாதம் பிடிக்காதீங்க..."

"ரெண்டாம் மாடியில முப்பது பேர் முகத்தை மூடிக்கிட்டு மாத்திரை வாங்கிட்டுப் போறாங்க சார். இத்தனை வருஷமும் நானும் பின்பக்கப் படியிலதான் ஏறினேன். இனிமே ஏறமாட்டேன். பேப்பர் அங்கேயேதான் இருக்கும். நீங்க கிழிச்சா நாளைக்கு வேற எழுதி ஒட்டுவேன்."

பெரிய டாக்டர் வாசற்படியில் நின்றபடி, அடுத்து எதைச் சொல்வது என்று யோசித்தார். அவருக்குப் பின்னால் வரிசை நெளிந்தது. முதலில் நின்றவள், கொழுகொழுவென்ற பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"சார், கொஞ்சம் நகருங்க" என்றாள். "பிள்ளை கனக்குது."

பெரிய டாக்டர் நகர்ந்தார்.